வேனின் முதல் சவாரி

அறக்கட்டளை இயக்குநர் பேச்சை முடிப்பதாகத் தெரியவில்லை.

பள்ளிக்கூட வாசலில் காற்று ஊசியாகக் குத்திக்கொண்டிருந்தது. நாங்கள் ஏழு பெண்கள் வரிசையாக நின்றிருந்தோம். எல்லார் கண்ணும் அவர் கையிலிருந்த சாவிமேல்தான்.

மலைக்கு மேலே தங்கச் சுரங்கம் நடத்தும் கம்பெனி, கீழே இருக்கும் எங்களுக்கு நல்லது செய்வதற்கென்று வைத்திருக்கும் அறக்கட்டளை அது. இயக்குநர் தலந்த்பெக், தலைநகர் பிஷ்கேக்கிலிருந்து வந்த இளைஞர். மரியாதை தெரிந்தவர்தான். வேலைவாய்ப்பு, சுயதொழில், கிராமத்தின் தேவை என்று விரலை மடக்கி மடக்கிப் பேசினார்.

வசந்தத்தில் அவர் எங்களுக்குத் தருவதாகச் சொன்னது தையல் மெஷின். சுராகன் அக்கா ஒரேயடியாக மறுத்துவிட்டாள்.

"தைக்கிறதுக்குக் கை இருக்கு தம்பி. தைச்சதை ஏத்திக்கிட்டுப் போகத்தான் வண்டி இல்ல. வேன் குடுத்தா குடுங்க. இல்லேன்னா உங்க மெஷினை நீங்களே வச்சுத் தைச்சுக்குங்க."

அக்கா ஒரு காலத்தில் ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ் ஓட்டியவள். எங்கள் ஊரில் வண்டி ஓட்டத் தெரிந்த ஒரே பெண்.

திட்டத்தில் வேனுக்கு இடமே இல்லை என்றார் தலந்த்பெக். கோடை முழுக்க அக்கா ஃபோன் பண்ணிப் பண்ணியே இடம் உண்டாக்க வைத்தாள்.

ஒருவழியாகச் சாவி கை மாறியது.

கேமராக்காரர், படம் சரியாக விழவில்லை, இன்னொரு தடவை கொடுத்து வாங்குங்கள் என்றார். அக்கா சாவியைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள். வெறுங்கையை நீட்டிச் சிரித்தாள். படம் எடுத்துக்கொண்டார்கள்.

"சந்தைக்குத்தானே போறீங்க? நானும் வர்றேன். ஃபோன்ல வீடியோ எடுத்தா நல்லா இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே தலந்த்பெக் முன்சீட்டில் ஏறிவிட்டார்.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இறக்கிவிட்டுவிடலாமா என்று புருல்சா கண்ணாலேயே கேட்டாள். எங்களில் இளையவள் அவள்தான்.

அக்கா வண்டியைக் கிளப்பினாள்.

கணவாயில் புதுப்பனி விழுந்திருந்தது. அக்கா வேகத்தைக் குறைக்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் நாங்கள் தைத்த கம்பளிச் செருப்பு மூட்டை எங்கள் காலில் வந்து மோதியது.

"மெதுவா, அக்கா! சந்தை எங்கயும் ஓடிப்போயிடாது."

பின்னாலிருந்து நான் உப்புத் தயிர் உருண்டை ஒன்றைத் தலந்த்பெக்கிடம் நீட்டினேன். கல் மாதிரி இருக்கும். வாயில் போட்டால் கொஞ்ச நேரத்துக்குப் பேச முடியாது.

மலையிறங்கி மாவட்டத் தலைநகருக்குள் நுழைந்தோம். சந்தை வந்தது. கம்பிக் கதவு சாத்திக் கிடந்தது. உள்ளே வெறும் மேசைகள்.

வேன் நிற்கவில்லை.

"அக்கா, சந்தையைத் தாண்டிட்டீங்க!"

"அது ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் தம்பி. இன்னைக்குச் செவ்வாய்."

"அப்ப இன்னைக்கு எங்கதான் விக்கப் போறீங்க?"

"இன்னைக்கு விக்கிறதா இல்ல."

நீதிமன்ற வாசலில் வேனை நிறுத்தினாள்.

படியில் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார் சுரங்கக் கம்பெனியின் வக்கீல். வேனின் பக்கவாட்டில் தன் கம்பெனி பெயரைப் பார்த்ததும் சிகரெட்டை மிதித்துவிட்டு இறங்கி ஓடிவந்தார். மேலிடத்திலிருந்து யாரோ வந்திருப்பதாக நினைத்திருப்பார். கதவை அவரே இழுத்துத் திறந்தார்.

நான் முதலில் இறங்கினேன். பின்னாலேயே மற்றவர்கள்.

சுரங்கத்தின் மேல் வழக்குப் போட்டவர்கள் நாங்கள்தான். அது அறக்கட்டளைக்காரர்களுக்குத் தெரியாது. சுரங்கக் கழிவு கலந்த ஆற்றுத் தண்ணீரைக் குடித்த ஆடுகள், குட்டிகளைச் சவமாகப் போட்டன. அடுத்த குளிர்காலத்தில் புருல்சாவுக்கும் அப்படியே ஆனது.

போன வாய்தாவுக்கு எங்களால் வர முடியவில்லை. ஊரில் கார் வைத்திருக்கும் ஆண்கள் அத்தனை பேருக்கும் சுரங்கத்தில்தான் வேலை. எங்களை ஏற்றிக்கொண்டு போக ஒருத்தரும் துணியவில்லை, என் புருஷன் உட்பட. இந்தத் தடவையும் வராவிட்டால் வழக்கைத் தள்ளிவிடுவோம் என்று நீதிமன்றத்திலிருந்து எழுதி அனுப்பியிருந்தார்கள்.

சாவி கொடுக்கும் விழாவுக்குச் செவ்வாய்க்கிழமைதான் தோது என்று அடம்பிடித்ததும் அக்காதான்.

தலந்த்பெக் முன்சீட்டை விட்டு அசையவில்லை.

"அக்கா... என் வேலை போயிடும்."

அக்கா அவரை ஒரு நிமிடம் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை.

"போனா எங்க ஊருக்கு வாங்க தம்பி. ஞாயித்துக்கிழமை செருப்பு விக்க ஆள் வேணும்."

வேனைப் பூட்டாமலே படியேறினாள். வக்கீல் இன்னும் கதவுக் கைப்பிடியைப் பிடித்தபடியே நின்றிருந்தார்.

உள்ளே குமாஸ்தா பெயர் கூப்பிடத் தொடங்கியிருந்தார். தாளிலிருந்து தலையைத் தூக்காமல், பதில் வராது என்று தெரிந்தவர் மாதிரி கூப்பிட்டார்.

"சுராகன்."

அக்கா வாசலிலேயே நின்று, தெருவரைக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"வந்திருக்கோம்!"