கறுத்த மோதிரம்

"என்னங்க இது? வெள்ளின்னு சொல்லி எதையோ என் தலையில கட்டிட்டீங்களே!"

நகைக்கடைக்காரர் முன்னால் மோதிரத்தைப் போட்டாள். கரியாய்க் கறுத்திருந்தது.

முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு ஆசையாய் வாங்கிக் கொடுத்தது. மூன்று மாதம்கூட ஆகவில்லை. காலையில்தான் அவரை ஒரு பிடி பிடித்திருந்தாள்: "ஒரு பொருளை ஒழுங்கா வச்சுக்கத் தெரியுதாப்பா உங்களுக்கு?" அவர் கழற்றிக் கொடுத்துவிட்டார்.

"இந்தத் தோடும் அன்னைக்கு இங்கதான் வாங்கினேன். மின்னுதே!"

"அது தங்கம்மா. எந்தக் காத்து பட்டாலும் அசராது. வெள்ளி அப்படியில்ல, கந்தகம் கலந்த காத்து பட்டா கறுத்துடும்." கடைக்காரர் ஒரு மூலையைத் தேய்த்துக் காட்டினார். பளிச்சென்று வெளுத்தது. "அசல் வெள்ளிதான். அப்பாவுக்கு எங்க வேலை?"

"ஜவுளிக்கடையில சூப்பர்வைசர்."

"ஜவுளிக்கடையில இவ்வளவு சீக்கிரம் கறுக்காதே. கழிவுநீர் நிலையத்து ஆளுங்க மோதிரம்தான் இப்படி வரும்."

கூட வந்திருந்த ஆபீஸ் தோழி களுக்கென்று சிரித்தாள். இவளுக்குச் சுருக்கென்றது. வெளியே வந்து ஜவுளிக்கடைக்குப் போன் போட்டாள்.

"அவரா? ஆள் குறைப்புல அனுப்பி ஆறு மாசமாச்சேம்மா."

அவளுக்கு வேலை கிடைத்ததே மூன்று மாதத்துக்கு முன்னால்தான். அதுவரை வீடு எப்படி ஓடியது?

"அவசரமா ஒரு இடத்துக்குப் போகணும்" என்று தோழியின் ஸ்கூட்டரில் ஏறினாள்.

கழிவுநீர் நிலையத்து வாசலிலேயே அழுகிய முட்டை நாற்றம் முகத்தில் அறைந்தது. தோழி துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"சே! இங்க யாருடி இருக்கா உனக்கு?"

அதற்குள் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸும் உடம்பெல்லாம் சேறுமாய் ஒருவர் உள்ளேயிருந்து வந்தார். அப்பா!

மகளைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். மூக்கைப் பொத்தி நின்ற தோழியைப் பார்த்தார். மறுபடி மகளைப் பார்த்தார்.

"வழி தவறி வந்துட்டீங்களாம்மா?" என்றார், முன்பின் தெரியாதவரைப் போல. "பெரிய ரோடு அந்தப் பக்கம்."

'அப்பா' என்ற வார்த்தை அவள் தொண்டை வரைக்கும் வந்தது.

"ஆமாங்க... தவறி வந்துட்டோம்" என்றாள் மகள்.