நாலு வரிசைக்கு நாலு ஆள்

“தம்பி, எங்க சிஸ்டத்துல நீங்க கையை வெச்சதுலேர்ந்து கஸ்டமர் ஒருத்தர் தினமும் போன் பண்ணிச் சண்டை போடறார். எல்லாம் கெட்டுப்போச்சு, பழையபடி ஆக்குங்கன்னு ஒரே பிடிவாதம். சாயங்காலத்துக்குள்ள என்ன கோளாறுன்னு சொல்லுங்க, இல்லைன்னா பழசையே போட்டுடறோம்.”

மருந்துக் கம்பெனி மேனேஜர் போனை வைத்துவிட்டார். பழசைப் போட்டால், கம்ப்யூட்டர் எஞ்சினியரான அவனுடைய மூன்று மாத வேலை குப்பைக்குத்தான் போகும்.

மாத்திரைகளை வீட்டுக்கே அனுப்பும் கம்பெனி அது. வாடிக்கையாளர் விவரமெல்லாம் ஒரு பெரிய சர்வருக்குள் ஓடும் வெர்ச்சுவல் மெஷினில், அதாவது கம்ப்யூட்டருக்குள் ஒரு கம்ப்யூட்டரில், இருந்தது. போன் எடுக்கும் பெண்கள் நம்பரைத் தட்டினால், விவரம் திரைக்கு வந்து சேர்வதற்குள் உயிர் போய் உயிர் வரும்.

ஏன் என்று குடைந்து பார்த்தவன் அவன்தான். டிஸ்க்கிலிருந்து தகவல் கேட்டு நாலு வரிசை நிற்கிறது. நாலுக்கும் எடுத்துக் கொடுக்க ஒரே ஒரு திரெட், மெஷினுக்குள் வேலை பார்க்கும் ஒற்றை ஆள் மாதிரி. பாவம், அது மட்டும் என்ன செய்யும்? வரிசைக்கு ஒன்றாக நாலு வொர்க்கர் திரெட்டுகளைப் போட்டான். அன்றிலிருந்து தட்டின கையை எடுப்பதற்குள் விவரம் வந்து நிற்கிறது.

அந்த மூன்று மாதமும் அவன் மனித முகமே பார்க்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். இன்றைக்கும் விடுமுறை நாள், ஆபீஸ் மாடி முழுக்க அவன் ஒருத்தன்தான். ஆள் அசைந்தால்தான் எரியும் விளக்குகள் அங்கே. கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்தால் அணைந்துவிடும். எதிரே யாரோ வருகிற மாதிரி கையை ஆட்ட வேண்டும். யாரும் வருவதில்லை.

சினேகிதர்கள் கூப்பிட்டுப் பார்த்து அலுத்துவிட்டார்கள். ஊரிலிருந்து அப்பாதான் விடாமல் கூப்பிட்டு, “அப்படி என்னடா வேலை?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒருமுறை சொல்லியும் பார்த்தான்.

“நாலு வரிசைப்பா, கவனிக்க ஒரே ஆள். அதான் வரிசைக்கு ஒரு ஆளாப் போடறேன்.”

“ஆளுக்குச் சம்பளம் எவ்வளவுடா?”

“சம்பளமே கிடையாதுப்பா. அவங்க மெஷினுக்குள்ள இருக்கற ஆளுங்க. அப்புறம் கூப்பிடறேன், வைக்கட்டுமா?”

அப்புறம் கூப்பிட மறந்தே போனான். நல்லவேளை, அப்பாவும் நச்சரிப்பதை நிறுத்திவிட்டார்.

திரையில் கணக்குகளை மறுபடி அலசினான். நாலு வரிசையும் சீராகத்தான் ஓடின, ஒன்றுகூடத் திக்கவில்லை. தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருந்தது. கடைசியில், அந்தச் சண்டைக்காரரின் போனை எடுக்கும் பெண்ணையே கூப்பிட்டுவிட்டான்.

“அவருக்கு என்னதான் பிரச்சினைங்க? ஸ்கிரீன் ஹேங் ஆகுதா? வேற யாரோட விவரமாவது வருதா?”

“அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வந்துடுது.”

“அப்புறம் எதுக்குச் சண்டை?”

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

“நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க சார். முன்னே விவரம் வர்றதுக்கு நேரமாகும்ல, அது வரைக்கும் வாயை மூடிட்டு உட்கார்ந்திருக்க முடியுமா? மெஷின் மெதுவா இருக்கு சார்னு சொல்லிட்டு, சாப்டீங்களா, தூங்கினீங்களான்னு ஏதாவது கேட்போம். அவரும் பேசுவார். சமையல்ல உப்பு கூடிப்போன கதை வரைக்கும் சொல்வார்.”

“இப்போ?”

“இப்போ அவர் ஹலோ சொல்லி முடிக்கறதுக்குள்ள எல்லாம் வந்து நிக்குது. அதுக்கு மேல பேச்சை வளர்த்தா எங்களைத்தான் திட்டுவாங்க. மாத்திரை வந்துடுச்சுல்ல சார், நன்றின்னு வெச்சுடறேன். மறுநாளும் ஏதாவது சாக்கு வெச்சுக் கூப்பிடறார். அந்த மெஷின் மெதுவா இருந்தப்போதான் நல்லா இருந்துச்சு, அதையே கொண்டு வாங்கங்கறார்.”

அவனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. கோளாறு மெஷினில் இல்லை, வேலை தப்பித்தது. வாய்விட்டுச் சிரித்தபடி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டான்.

இத்தனை நாளைக்குப் பிறகு ஒரு மனிதக் குரலோடு பேசுவது அவனுக்கும் சுகமாகத்தான் இருந்தது. போனை வைக்க மனம் வரவில்லை.

“ஏங்க, அவருக்குப் பேச வீட்டுல ஒருத்தரும் இல்லையாமா?”

அசையாமல் சாய்ந்திருந்ததில் விளக்கு அணைந்துவிட்டது. அவன் கையைத் தூக்கினான்.

“பையன் ஒருத்தன் இருக்கானாம், ஆனா ரொம்ப பிஸியாம். பெரிய கெட்டிக்காரன் சார், சம்பளமே இல்லாத ஆளுங்களை வெச்சு வேலை வாங்கறானாம்.”