அக்கா பெயரில் வந்தவை

அறுவை சிகிச்சை அறைக்கு வெளியே, காலை வெயில் விழும் பெஞ்சில் அக்காவின் போனை வைத்துக்கொண்டு தம்பி பல்லைக் கடிக்கிறான். அத்தான் உள்ளே இருக்கிறார். ஓ நெகட்டிவ் ரத்தம் அவசரமாக வேண்டும் என்று விடிந்ததுமே அக்கா தன் முகநூல் பக்கத்தில் போட்டிருக்கிறாள். ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்பார்கள்? ‘இன்று 312 அடி நடந்தேன்’, ‘மிட்டாய் விளையாட்டில் அறுபதாம் கட்டம்’, ‘இரண்டாவது டம்ளர் தண்ணீர் குடித்தேன்’ என்று செயலிகள் அவள் பெயரில் கொட்டிய குப்பைக்கு அடியில் அந்த ஒரு வரி கிடக்கிறது. “எதுக்குக்கா உன் பேர்ல போட எல்லாத்துக்கும் சரின்னு அழுத்துன?” “அது கேட்டுக்கிட்டே இருந்துச்சுடா. மாட்டேன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?” அவன் தலையில் அடித்துக்கொள்கிறான். ஒவ்வொரு செயலியாகத் திறந்து, எங்கோ மூலையில் ஒளித்து வைத்திருக்கும் பொத்தானைத் தேடி, அவள் பெயரில் போடுவதை நிறுத்துகிறான். கதவு திறக்கிறது. “ரத்தம் கிடைச்சுதா?” என்கிறாள் நர்ஸ். அவன் பெரியப்பா மகனை அழைக்கிறான். “அக்கா காலையிலேயே போட்டாளே, பாக்கலையா?” ஸ்பீக்கரில் குரல் தயங்குகிறது. “அவ பேரு வந்தாலே கை தானா தள்ளிவிட்டுருதுடா. எனக்கும் அதே ரத்தம்தான், இதோ கிளம்பிட்டேன்.” நர்ஸ் தலையாட்டிவிட்டு உள்ளே போகிறாள். அக்கா போனைத் தம்பியிடமிருந்து வாங்கி, மிச்சமிருக்கும் தண்ணீர்ச் செயலியைத் தானே திறக்கிறாள். ‘நிச்சயமாக நிறுத்தவா?’ என்று கேட்கிறது அது. “ஆமா” என்று வாய்விட்டுச் சொல்லி, கட்டைவிரல் வெளுக்கும்படி அழுத்துகிறாள்.