சீட்டில் ஆடிய வால்

ஒரு ஆபீஸில் பல்லிக்குக் கொசு பிடிக்கிற வேலை. கொசுவெல்லாம் சுவரில்தான் இருக்கும். மேனேஜர் எருமைக்கோ ஆள் எப்போதும் சீட்டில் இருக்க வேண்டும். பல்லி சுவரேறினால், சீட்டில் ஆள் இல்லை என்று ஒரு மெமோ. இறங்கி வந்து உட்கார்ந்தால், கொசு ஏன் குறையவில்லை என்று இன்னொரு மெமோ.

பல்லி ஒருநாள் லீவு கேட்டது. "தங்கச்சி கல்யாணம் சார். ரெண்டே நாள்."

"அப்புறம் சீட்ல யாருய்யா இருப்பா?" என்றது எருமை, அசைபோட்டபடி.

பல்லிக்கு வந்ததே கோபம்! வாலைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு ஜன்னல் வழியாகக் கிளம்பிவிட்டது.

வால் துள்ளியது, நெளிந்தது, நாற்காலி கிறீச்சிடுகிற அளவுக்கு ஆடியது. எருமை எட்டிப் பார்த்தது. மூக்கில் நாலு கொசு உட்கார்ந்து கடித்துக்கொண்டிருந்தன.

"இப்பத்தான்யா உருப்படியா வேலை நடக்குது!"

கல்யாணச் சாப்பாட்டு ஏப்பத்தோடு பல்லி திரும்பியபோது வாலுக்குத் தனி ரூம், ஏசி, நாற்காலி முதுகில் வெள்ளைத் துண்டு. பல்லி இனி அதற்குக் கீழேதான் வேலை பார்க்க வேண்டுமாம்.

அடுத்த மாதமே பல்லிக்கு மறுபடி லீவு தேவைப்பட்டது. போன மாதம் வரை தன் பின்னால் இழுபட்டு வந்ததைச் சாரென்று கூப்பிட நாக்கு கூசியது. ஆனாலும் கூப்பிட்டது.

"சார், வீட்ல முட்டை போடுற சமயம். ஒருநாள் மட்டும்..."

"தாராளமா போய்ட்டு வாய்யா" என்றது வால். "தலையை மட்டும் கழட்டி சீட்ல வெச்சிட்டுப் போ."