கழட்டின சில்லு

செத்துப்போன மகளின் குரலுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் விலை சொன்னான் லேப்டாப் மெக்கானிக் செல்வின். மதர்போர்டில் கடுகளவு சில்லு ஒன்று கருகியிருந்தது.

"புதுசு போடணும் அண்ணாச்சி. பாப்பா பேசி வச்சதெல்லாம் இதே போர்டுலதான் இருக்கு. மட்டமானதப் போட்டு அது வெடிச்சிதுன்னா எல்லாம் போயிரும்."

பாத்திரக்கடை குருசாமி, கோயில் வாசலில் சூடத்துக்கும் பேரம் பேசுகிறவர். சொன்ன விலைக்கு ஒன்றை வாங்கினால் அன்று அவருக்குச் சோறு இறங்காது. கை பணத்தை எடுப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"ஆயிரம் தாரேன்."

"அந்த விலைக்குப் பழைய போர்டுல கழட்டுனதுதான் வரும். உங்க இஷ்டம்."

"ஓடும்லா? அதையே போடு."

ஓடியது. பேரத்தில் ஜெயித்த களையோடு வீட்டுக்கு வந்து மேசையில் வைத்துத் திறந்தார். மகள் பேசி வைத்த நாற்பத்தொரு குரல்பதிவுகளும் திரையில் வரிசையாக நின்றன. "ஏட்டி, வெரசா வா" என்று மனைவியைக் கூப்பிட்டவர், அவள் வரும்வரை பொறுக்கமாட்டாமல் முதலாவதைத் தட்டினார்.

"அப்பா" என்றாள் மகள்.

உள்ளே பட்டென்று ஒரு சத்தம். திரை அணைந்தது. எழுத்துக்கட்டைகளின் இடுக்கில் மெல்லப் புகை எழுந்தது.

மாவுக் கையோடு ஓடிவந்தாள் ராஜகனி. "பிள்ள பேசுனாளா? என்ன சொன்னா?"

நாற்பத்தொன்றில் குருசாமி பங்குக்கு ஒரு சொல் வந்திருந்தது. அவள் பங்குக்கு ஒன்றுமில்லை.