தம்பி போயிட்டார்

"கடைசியா ஒரு தடவை முகத்தைப் பாக்கணும். எங்கம்மா அவன்?"

வாசலில் நின்று தேம்பிய பெரியப்பாவைப் பார்த்து அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இனி இந்தப் படியை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனவர், இன்று சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, ஜோடி மாறிய செருப்போடு ஓடி வந்திருக்கிறார்.

"யாரைப் பாக்கணும் பெரியப்பா?"

"யாரையா? உங்கப்பனைத்தான்! நல்லாத்தானே இருந்தான். எப்படிம்மா ஆச்சு?"

"அப்பாவா? மூக்குக் கண்ணாடிக் கடைக்குப் போயிருக்கார்."

பெரியப்பா தன் போனை நீட்டினார். அதில் பெரிய எழுத்தில் பளிச்சென்று இருந்தது: 'தம்பி போயிட்டார்.'

அது அவளே எழுதிய வாசகம்.

அவள் அலுவலகத்தில் ஒரு ஆப் வடிவமைக்கிறார்கள். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று வேண்டியவர்களுக்கும், வழக்கமாகப் போகும் கடைகளுக்கும் காட்டுகிற ஆப். கடைக்குள் நுழைந்தால் 'வந்துட்டார்' என்று அவர்களுக்கெல்லாம் செய்தி போகும். வெளியே வந்தால் 'கடையிலிருந்து கிளம்பிவிட்டார்' என்றுதான் முதலில் எழுதியிருந்தாள்.

"பெட்டிக்குள்ள இடம் பத்தல. வந்துட்டாருக்கு ஜோடியா, சின்னதா ஒண்ணு போடு" என்றார் மேனேஜர்.

போட்டாள். "நல்லா அடக்கமா இருக்கு" என்று மொத்த அலுவலகமும் பாராட்டியது. ஆப் போன மாதமே சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் சோதனைக்குப் போய்விட்டது. இந்தக் கடைச் செய்தி மட்டும் இன்று காலையில்தான் சேர்ந்தது. அவள் போனிலும் 'அப்பா போயிட்டார்' என்று வந்துதான் இருந்தது. எழுதின கண்ணுக்கு அது தப்பாகவே படவில்லை.

அதற்குள் போன் அடித்தது. கண்ணாடிக் கடைக்காரர்.

"இப்பத்தாங்க சிரிச்சுப் பேசிட்டு இறங்கினார். பாத்தா, உங்கள் வாடிக்கையாளர் போயிட்டார்னு வருது! அந்த ஃபிரேம் அவருக்கு எவ்வளவு எடுப்பா இருந்துச்சு தெரியுங்களா..." அவரும் மூக்கை உறிஞ்சினார்.

அவரைத் தேற்றிவிட்டுத் திரும்பினால், எடுப்பான ஃபிரேமோடு அப்பாவே உள்ளே வருகிறார்!

பெரியப்பா பாய்ந்து போய் அவர் தோளைப் பிடித்தார். கன்னத்தைத் தடவினார். சூடாகத்தான் இருந்தது. அடுத்த நொடி கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

"செத்துட்டேன்னு சொல்லி என்னை வரவழைக்கிறானா? கேளும்மா உங்கப்பனை!"

"நான் எதுக்கு இவரை வரவழைக்கணும்? இவர் எங்க இருக்காருன்னே எனக்குத் தெரியாது. சொல்லும்மா உங்க பெரியப்பாகிட்ட!"

கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றுகொண்டு, இரண்டு பேரும் அவள் வழியாகத்தான் பேசினார்கள். எல்லாம் போன வருஷம் ஒரு கல்யாணத்துக்குக் காரில் போனபோது வந்த வினை. எது குறுக்கு வழி என்று ஆரம்பித்த தகராறு, பந்தி முடிந்து இலை எடுக்கும்போதுதான் மண்டபத்தில் கொண்டுபோய் விட்டது. அன்றோடு பேச்சு வார்த்தை கிடையாது.

"பெரியப்பா, தப்பு என்னோடது. போயிட்டார்னா கடையை விட்டுப் போயிட்டார்னு அர்த்தம்."

"நீ உங்கப்பனுக்குப் பரிஞ்சு பேசாதே! இவன் எங்க போறான், எங்க வரான்னு நான் ஒரு நாளாவது நினைச்சிருப்பேனா?"

"எனக்கு மட்டும் என்ன, இவரைப் பத்தி நினைக்கிறதுதான் வேலையா?"

"இனிமே நிஜமாவே போனாலும் வரமாட்டேன். சொல்லிடும்மா!" பெரியப்பா விறுவிறுவென்று படி இறங்கினார்.

அவள் வாசலுக்கு ஓடினாள். இப்போது இறங்கினால் இந்த ஜென்மத்தில் இவர் திரும்பி ஏறப்போவதில்லை. பெட்டிக்குள் அடங்கவில்லை என்பதற்காகச் சுருக்கிய ஒரு வார்த்தை, ஒரு உறவையே சுருட்டி வைக்கப் போகிறது. அழுகையே வந்துவிட்டது. அழப்போன நேரத்தில்தான் அவளுக்குள் இருந்த ஆப் வடிவமைப்பாளர் விழித்துக்கொண்டாள்.

"ஒரு நிமிஷம் பெரியப்பா. இந்தச் செய்தி உங்களுக்கு எப்படி வந்துச்சு?"

"உங்கப்பன்தான் அனுப்பியிருப்பான்!"

"நான் அனுப்பல. நீ வேலை செய்யற ஆப்தானேம்மா, நீதான் எதையாவது தட்டிவிட்டிருப்பே."

"நான் தட்டினாலும் போகாதுப்பா. அப்படித்தான் அதைச் செஞ்சிருக்கோம். ஒருத்தர், 'நீங்க எங்க இருக்கீங்கன்னு எனக்குக் காட்டுவீங்களா'ன்னு கேக்கணும். இன்னொருத்தர் அதைப் பாத்து, 'சரி'ன்னு தட்டணும். அப்பத்தான் செய்தி வரும்."

பெரியப்பாவின் கால் படியிலேயே நின்றது. அப்பா புதுக் கண்ணாடியைக் கழற்றி, அதில் இல்லாத அழுக்கைத் துடைக்க ஆரம்பித்தார்.

"ரெண்டு பேர் போனையும் கொடுங்க. கேட்டது யாரு, சரின்னது யாருன்னு பாத்துடலாம்."

கல்யாணத்துக்குப் போன நாளிலிருந்து எதிலும் ஒத்துப்போகாத அண்ணனும் தம்பியும், பேசி வைத்தாற்போல் ஒரே சமயத்தில் போனை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்கள்.