புது றூல்

ஸ்காபரோ அப்பார்ட்மென்ட்டில், மனைவி கிளடிஸ் போட்டுவிட்ட வீடியோ கசெற்றில் அமெரிக்க ஃபுட்போல் ஓடியது. வாழ்நாளில் அந்தப் பந்தைத் தொட்டறியாத கஸ்பர், மச்சான் றோய்க்கு வகுப்பெடுத்தார்.

"இந்த வருசம் புது றூல். கிக்ஓஃப், அதுதான் முதல் உதை, முப்பத்தஞ்சாம் கோட்டில இல்லை, அஞ்சு யார் பின்னுக்கு, முப்பதில வைச்சுத்தான் அடிக்கோணும். பந்து எல்லைக்குப் போகாது. பிடிக்கிறவன் ஓடியே ஆகோணும். இனி ஓட்டக்காரனுக்குத்தான் மவுசு."

பந்து எல்லையைத் தாண்டிப் பறந்தது. ஒருவரும் ஓடவில்லை.

"அத்தான், அவன் முப்பத்தஞ்சில வைச்செல்லே அடிச்சவன்?"

"றெஃபறிக்குக் கண் தெரியேல்லை! கோச்சுக்கு மூளையில்லை!" கஸ்பர் எழுந்து நின்று கத்தினார்.

கிளடிஸ் தேத்தண்ணியை வைத்தாள்.

"நேற்றைய மட்சைப் பதிய மறந்திட்டன். உது போன வருசத்துக் கசெற். அப்பவும் உந்த இடத்திலதான் எழும்பி நிண்டு கோச்சை ஏசினனீங்கள்."